தேடுநெறியும் தேயிலை மலையும்

(லிந்துலையிலிருந்து ஒரு பழைய மாணவன்)

விழா மலர்களில் எழுதப் புகும் பழைய மாணவர் பெரும்பாலும் தம் காலத்து ஆசிரியர்களின் பெருமையையும், துடுப்பாட்டப் போட்டிகளிற் பெற்ற வெற்றிகளையும், விடுதிச் சோற்றின் சுவையின்மையையும் எழுதுவர். அவையெல்லாம் எழுதப்பட வேண்டியனவே. ஆயினும் மலரின் சில பக்கங்களைக் கணிதத்துக்கு ஒதுக்குவதும் தகாததன்று என்பது எனது எண்ணம். அதிலும், அறிஞர் மட்டுமன்றி, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியும் கொழுந்தெடுக்கும் பெண்ணும் சம்பந்தப்பட்ட கணிதமொன்று உண்டாயின், அதனைப் பற்றி இவ்விடத்தில் வாதிப்பதற்கு எனக்கு உரிமை உண்டென்றே கருதுகின்றேன்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் உப அதிபர் நேரசூசி அமைக்கும் காட்சியை அறியாதார் எம்முள் எவருமிலர். பெரிய தாளொன்று, அதில் வகுப்புக்கு நாற்பது பாடவேளைகள், பக்கத்திற் பென்சிலும் அழிறப்பரும். ஒரே ஆசிரியர் ஒரே வேளையில் இரண்டு வகுப்பில் நிற்றலாகாது. ஆய்வுகூடம் ஒன்றே, அதனை இரு வகுப்பார் ஒருங்கே கொள்ளலாகாது. தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் வரும் ஆசிரியருக்கு முதற்பாடம் கொடுத்தல் நன்றன்று. கணிதத்தை நாள்தோறும் கடைசி வேளையில் வைத்தலும் நன்றன்று. உப அதிபர் முதலில் எப்படியோ ஒன்றை எழுதிவிடுகின்றார். பின்னர் குற்றங்களை எண்ணுகின்றார். இரண்டு பாடவேளைகளை இடமாற்றிப் பார்க்கின்றார். குற்றம் குறைந்தால் மாற்றம் நிலைக்கும், கூடினால் அழிறப்பர். இவ்வாறே மூன்று நாள் கழியும். அவர் அறிந்தோ அறியாமலோ செய்வது, கணனியியலார் ‘அண்மைத் தேடல்’ என்று வழங்கும் முறையேயாகும். அப்பெயரைக் கேட்டால் அவர் நகைப்பார் என்பது வேறு.

மூன்றாம் நாள் மாலையில் நேர்வது யாது? இன்னும் ஐந்து குற்றங்கள் எஞ்சியிருக்கும். எந்த இரண்டு வேளைகளை மாற்றினாலும் ஐந்து ஆறாகின்றது, அல்லது எட்டாகின்றது. குறைவதில்லை. அஃது இயன்றவற்றுள் மிகச் சிறந்த நேரசூசியா என்றால், அன்று. அதற்கு அண்டையில் அதனிலும் சிறந்தது இல்லை, அவ்வளவே. இந்நிலையினின்றும் வெளியேறுவது எப்படி என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள்.

எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டால் என்ன என்று மாணவர் கேட்கலாம். எண்ணிப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் கொழுந்து மடுவங்கள் பன்னிரண்டு உள என்று கொள்வோம். ஸ்டோரிலிருந்து புறப்படும் லொறி பன்னிரண்டுக்கும் சென்று மீள வேண்டும். எந்த ஒழுங்கிற் செல்வது? 12 இடங்களை ஒழுங்குபடுத்தும் வழிகள் 479,001,600. சமதரையிலாயின் போவதும் வருவதும் ஒன்றென்று அதனைப் பாதியாக்கலாம். மலையிலோ பாரத்தோடு ஏறுவது வேறு, வெறுமையாய் ஏறுவது வேறு. ஆகவே பாதியாக்க இயலாது. வினாடிக்குப் பத்து இலட்சம் வழிகளைப் பார்க்கும் கணனிக்கு இதனை முடிக்க எட்டு நிமிடம் போதும். மடுவங்கள் இருபதாயின்? வழிகளின் தொகை 19 இலக்கங்கள் கொண்ட எண். அதே கணனிக்கு ஏறத்தாழ 77,000 ஆண்டுகள் வேண்டும். எட்டே எட்டு மடுவங்கள் கூடியதால் எட்டு நிமிடம் 77,000 ஆண்டாயிற்று. கணனியை ஆயிரம் மடங்கு விரைவுபடுத்தினாலும் 77 ஆண்டு. அதற்குள் அக்கொழுந்து எக்கதியாகும் என்பதைத் தோட்டத்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வகைப் பயணக் கணக்கு வேற்று நாட்டாரின் விளையாட்டு என்று எண்ணற்க. வங்காளத்தில் எவ்வளவு நிலத்திற் சணல் பயிராகின்றது என்பதை மாதிரிக் கணிப்பால் அறிய முயன்ற பேராசிரியர் பி. சி. மஹாலநோபிஸ், சிதறிக் கிடக்கும் இடங்களுக்கெல்லாம் கணிப்பாளர் சென்றுவரும் வழிச்செலவு எவ்வளவாகும் என்னும் கேள்வியை 1940ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். இன்று உலகெங்கும் ‘பயண விற்பனையாளன் கணக்கு’ என்று பாடஞ் சொல்லப்படுவதன் வரலாற்றில் அவர் பெயரும் இடம்பெறுகின்றது.

ஒன்றை மறையாது சொல்லுதல் வேண்டும். இக்கணக்கில், எல்லா வழிகளையும் எண்ணாமலே முற்றிலும் சரியான விடையைக் காட்டும் முறைகளும் உள. 1954இல் டான்சிக், ஃபுல்கேர்சன், ஜோன்சன் என்னும் மூவர் அமெரிக்காவின் 49 நகரங்களுக்கு மிகக் குறுகிய வழியைக் கண்டு, அதனிற் குறுகியது இல்லை என்றும் நிறுவினர். 2006இல் 85,900 இடங்கள் கொண்ட கணக்கொன்று அவ்வாறே தீர்க்கப்பட்டது. ஆகவே, ஒரு லொறி இருபது மடுவம் என்ற அளவில் நிற்பார்க்கு நான் சொல்லப்போகும் தேடுநெறிகள் வேண்டியனவல்ல. சரியான விடை எளிதிற் கிடைக்குமிடத்தில் ஏறத்தாழச் சரியானதைத் தேடுவது அறிவுடைமையன்று. இன்று பலர் அதனையே செய்கின்றனர் என்பது வருந்தத்தக்கது. ஆயின், மெய்யான தோட்டத்தில் லொறி இரண்டு. அவற்றுள் ஒன்று பழையது. கொழுந்து நெடுநேரம் குவிந்து கிடந்தாற் சூடேறிக் கெடும். ஸ்டோரில் வாட்டும் இடம் ஓரளவே. காலையில் இருந்த பாதை பிற்பகல் மழையில் மூடப்படும். மூன்றாம் மலையில் எதிர்பார்த்ததிலும் மிகுதியாகக் கொழுந்து வந்திருக்கும். இத்துணைச் சிக்கலும் சேர்ந்த விடத்து, நிறுவப்பட்ட முறைகள் பலவேளை காலத்துக்குள் விடை தருவதில்லை. தேடுநெறிகளின் இடம் அதுவே.

ஆங்கிலத்தில் இவற்றை ‘மெற்றாஹியூரிஸ்ரிக்ஸ்’ என்பர். 1986இல் ஃபிரெட் குளோவர் என்பார் வழங்கிய பெயர் அது. ‘கண்டுபிடித்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அதனுள் இருக்கின்றது. நான் தேடுநெறி என்றே எழுதுகின்றேன். இதனினும் நல்ல சொல்லைத் தமிழாசிரியர்கள் தருவாராயின் ஏற்றுக்கொள்ளத் தடையில்லை.

இப்பக்கத்து மாணவர்க்கு இதனை விளக்க மூடுபனி போதும். பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமானது. அடர்ந்த பனிமூட்டத்தில், மூன்றடிக்கு அப்பால் ஒன்றுந் தெரியாத வேளையில், அம்மலையுச்சியை அடைய விரும்பும் ஒருவன் தன் காலைச் சுற்றித் தடவி, உயரும் பக்கமாகவே அடியெடுத்து வைக்கின்றான் என்று கொள்வோம். ஒவ்வோர் அடியிலும் உயர்கின்றான். முடிவில் எப்பக்கம் வைத்தாலும் இறக்கமே என்னும் இடத்தை அடைகின்றான். பனி விலகியதும் பார்த்தால் அவன் நிற்பது ஸ்டோருக்குப் பின்னாலுள்ள மேடு! குற்றம் குறைவதை உயரம் கூடுவதாகக் கொண்டால், உப அதிபர் மூன்றாம் நாள் மாலையில் நிற்குமிடமும் அதுவே.

மேட்டிலிருந்து இறங்கினாலன்றி மலைக்குச் செல்ல வழியில்லை. ஆகவே சிலபோது வேண்டுமென்றே இறங்க வேண்டும். எப்போது, எவ்வளவு? இதற்கு விடை வந்த வழி விந்தையானது. 1953இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் நிக்கலஸ் மெற்றோபொலிஸ், றோசன்புளூத் தம்பதியர், ரெல்லர் தம்பதியர் ஆகிய ஐவர், சூடான பொருளொன்றின் துகள்கள் எவ்வாறு அமைகின்றன என்பதைக் கணனியிற் கணிக்க ஒரு விதியை வகுத்தனர். முப்பது ஆண்டுகளின் பின்னர், 1983இல், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கேர்க்பற்றிக், ஜெலற், வெக்கி ஆகிய மூவர் அவ்விதியையே எடுத்து மின்சுற்றுக்களை இடமமைக்கும் கணக்கிற் கையாண்டனர். பிராற்றிஸ்லாவாவில் செர்னி என்பாரும் தனித்து அதே எண்ணத்துக்கு வந்து 1985இல் வெளியிட்டார். தோட்டத்துப் பட்டறையில் இரும்பைச் செந்தணலிற் காய்ச்சி மெல்ல மெல்ல ஆறவிடுவதைக் கண்டவர்க்கு இது புரியும். நீரில் திடீரென அமிழ்த்தினால் இரும்பு கடினமாகி உடையக்கூடியதாகின்றது. கவ்வாத்துக் கத்தியின் வாய்க்கு அது வேண்டும். மெல்ல ஆறவிட்டாலோ உள்ளணுக்கள் தத்தமக்கு உரிய இடத்தைத் தேடி அமைந்து இளகிய பதம் வருகின்றது. தேடலும் அவ்வாறே: தொடக்கத்திற் சூடு மிகுதி, தீய மாற்றங்களுக்கும் தாராளமாக இடங்கொடுக்கப்படும், சூடு தணியத் தணிய இடங்கொடுத்தல் அருகும்.

எண்களாற் சொன்னால் மாணவர் தாமே செய்து பார்க்கலாம். லொறியின் வழியில் ஒரு மாற்றம் செய்ததால் தூரம் 2 கிலோமீற்றர் கூடுகின்றது என்க. வெப்பநிலை 10 ஆக இருக்கும்போது அம்மாற்றம் நூற்றுக்கு 82 முறை ஏற்கப்படும். வெப்பநிலை 1 ஆகும்போது நூற்றுக்கு 13 அல்லது 14 முறை. 0.2 ஆகும்போது இலட்சத்துக்கு நாலைந்து முறை மட்டுமே. உயர்தர வகுப்பில் அடுக்குக்குறிச் சார்பைப் பயின்றவர், கூடிய தூரத்தை வெப்பநிலையால் வகுத்து, அதன் மறைப்பெறுமானத்தை அச்சார்பில் இட்டால் இவ்வெண்கள் வரும். போதிய மெதுவாய் ஆறவிட்டால் உச்சியை அடைவது உறுதி என்னும் தேற்றமும் உண்டு. 1984இல் ஜெமன் சகோதரர் அதற்கு வழிகாட்டினர். ஆயின் அத்துணை மெதுவாய் ஆறவிடுவதற்கு வேண்டிய காலத்தில் எல்லா வழிகளையுமே எண்ணிவிடலாம்! எனவே நடைமுறையில் யாவரும் அவசரப்படுகின்றனர். அவசரத்தின் அளவை அறிவதே அங்குத் திறமை.

குளோவரின் வழி வேறு. உப அதிபர் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைக்கும் சிறு குறிப்பு அது: “செவ்வாய் மூன்றாம் வேளையை மாற்றியாயிற்று, சில முறை அதனைத் தொடற்க.” ஐந்து குற்றத்திலிருந்து ஆறுக்கு இறங்கியவர் அடுத்த மாற்றத்தில் மீண்டும் அதே ஐந்துக்குத் திரும்பிவிடாமல் அக்குறிப்புத் தடுக்கின்றது. தடைப்பட்டியல் நீள்வதும் குறுகுவதும் தேடலின் போக்கை மாற்றும். எளிமையும் பயனும் ஒருங்கே உடைய இம்முறையை நான் பெரிதும் மதிக்கின்றேன். அதற்கு விலங்கின் பெயரோ பறவையின் பெயரோ தேவைப்படவில்லை.

எறும்பின் பெயரைத் தாங்கியதும் ஒன்றுண்டு, அது பொய்ப்பெயரன்று. பிரசெல்ஸ் நகரில் டெனூபூர்க் முதலியோர் எறும்புக் கூட்டுக்கும் இரைக்குமிடையே நீண்டதும் குறுகியதுமாக இரண்டு பாலங்களை வைத்துப் பார்த்தபோது, எறும்புகள் பெரும்பாலும் குறுகியதையே தேர்ந்துகொள்வதைக் கண்டனர். எறும்புக்கு அளவுகோலில்லை, குறுகிய வழியிற் சென்றது விரைவில் மீள்கின்றது, அதன் மணத்தடம் விரைவில் இரட்டிக்கின்றது, பின்வருவன அதனையே முகர்கின்றன. இதனைக் கணனி நெறியாக்கி 1992இல் மிலானோ நகரில் ஆய்வேடு அளித்தவர் மார்க்கோ டொறிகோ. தேயிலை மலையில் நடந்தவர்க்கு இதற்கு எறும்பே வேண்டியதில்லை. லயத்திலிருந்து கடைத்தெருவுக்குச் செல்லும் குறுக்குப்பாதைகளை எந்தப் பொறியியலாளரும் வரைந்தாரல்லர். பலர் நடந்தது பாதையாயிற்று. பாதையானதாற் பலர் நடந்தனர். நடவாத தடத்தை மானாப்புல் மூடியது. அந்தப் புல்லின் பணியைக் கவனிக்க வேண்டும். பழைய தடங்கள் மூடப்படாவிடின் முதலில் தற்செயலாய் நடந்த வழியே என்றென்றும் நிலைத்துவிடும். டொறிகோவின் நெறியிலும் மணம் ஆவியாதல் ஓர் இன்றியமையாப் பகுதி.

பிறப்பியல் வழியைச் சுருக்கமாய்ச் சொல்லிச் செல்கின்றேன். மிச்சிக்கன் பல்கலைக்கழகத்து ஜோன் ஹொலண்ட் 1975இல் நூலாக வெளியிட்டது அது. பேர்லினில் றெக்கன்பேர்க்கும் சுவெஃபெலும் 1960களிலேயே வேறொரு பெயரில் அதன் உறவினைக் கையாண்டனர். விடைகள் பலவற்றை ஒரு நாற்றுமேடையிற்போல வைத்து, நல்லனவற்றைக் கலப்பித்து, சிறு திரிபுகளை இடையிடையே விட்டு, அடுத்த தலைமுறையை எழுப்புவர். 2006 மார்ச்சில் அமெரிக்கர் விண்ணுக்கனுப்பிய சிறு செய்மதிகளில் இருந்த அலைவாங்கி இவ்வாறு வளர்க்கப்பட்டதே. குழந்தை வளைத்தெறிந்த கம்பிபோல் இருந்தது அது. இந்நெறியின் பெருங்கேடு, தலைமுறைகள் விரைவில் ஒரே சாயலாகிவிடுதல். தலவாக்கலை சென்கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் தந்த சிறந்த இனம் ஒன்றையே மலை முழுதும் பதியன் வைத்தால் விளைச்சல் சிறக்கும். அவ்வினத்துக்கென்று ஒரு நோய் வருமாயின் மலை முழுதும் ஒருங்கே வாடும். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிய பின்னர் இம்மலைகளிற் கோப்பிக்கு நேர்ந்ததை எம் முன்னோர் கண்டனர். பலவகையைப் பேணுதல் அழகுக்காக மட்டுமன்று.

இனி என் குறைகளைச் சொல்லுகின்றேன். முதலாவது, இத்துறை ஒரு விலங்குக் காட்சிச்சாலையாகிவிட்டது. மின்மினி நெறி, 2009இற் குயில் நெறி, 2010இல் வௌவால் நெறி, 2014இற் சாம்பல் ஓநாய் நெறி, 2016இல் திமிங்கில நெறி, இன்னும் எத்தனையோ. ஒவ்வொன்றும் புதிதென்றும் முன்னவற்றை வென்றதென்றும் அறிவிக்கப்படுகின்றது. 2010இல் வெய்லான்ட் என்பார், இசைக்குழுவின் பெயரால் வந்த நெறியொன்று பேர்லினாரின் பழைய நெறியின் ஒரு தனிவகையே என்று காட்டினார். 2015இற் கென்னத் சோறன்சன் இந்த உவமைப் பித்தை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். பின்னர் டொறிகோவும் அவருடன் சேர்ந்தோரும் ஓநாய், மின்மினி, வௌவால் முதலியவற்றின் தோலை நீக்கிப் பார்த்து, உள்ளே இருப்பது பழைய கூட்டப்பறவை நெறியின் கருத்துக்களே என்றனர். பெயரை மாற்றிப் பொருளை விற்பது தேயிலைச் சந்தைக்குப் புதிதன்று; அறிவுத்துறைக்கு அது வேண்டாம். எம் நாட்டுப் பல்கலைக்கழக மாணவரும் ஒரு விலங்கைத் தேடிப்பிடித்து ஆய்வேடு எழுதப் புகுதல் கூடாது என்பது என் துணிபு.

இதற்கு மாறாகச் செய்யத்தக்க பணி யாதென்று கேட்பார்க்குத் தமிழ்ப் பெயர்களிலேயே சான்று காட்டலாம். சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணிசெய்த பேராசிரியர் பொன்னுத்துரை நாகரத்தினம் சுகந்தன், 2005இற் பிறருடன் சேர்ந்து 25 சோதனைக் கணக்குக்களையும் அவற்றைச் சோதிக்கும் விதிகளையும் வகுத்து வெளியிட்டார். தன் நெறி சிறந்ததென்று கூறுபவன் எல்லாருக்கும் பொதுவான அத்தராசில் ஏறி நிற்க வேண்டியதாயிற்று. மடுவத்தில் நிறுவைத் தராசு நேர்மையாயிருத்தல் எத்துணை வேண்டும் என்பதை அறிந்த எம்மவர்க்கு இப்பணியின் அருமை விளங்கும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் சந்திரசேகரன் ராஜேந்திரன், ஜேர்மனியரான சீக்லருடன் சேர்ந்து, தொழிற்சாலை இயந்திரங்களில் வேலைகளை வரிசைப்படுத்தும் கணக்குக்கு எறும்பு நெறியைத் திருத்தியமைத்து 2004இல் வெளியிட்டார். அங்கே எறும்பு வெறும் அலங்காரமன்று, கணக்கே தலைமை.

ஆயினும் தராசு மட்டும் போதாது. டேவிட் வோல்பேர்ட், வில்லியம் மக்றெடி என்னும் இருவர் 1997இல் ஒரு தேற்றத்தை நிறுவினர். இருக்கக்கூடிய கணக்குக்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் எந்தத் தேடுநெறியும் வேறெந்த நெறியினும் சிறந்ததன்று என்பது அதன் சாரம். கண்மூடித் தற்செயலாய்த் தேடுவதும் அச்சராசரியில் இவற்றுக்குச் சமமே! கேட்பவர் திடுக்கிடுவர். ஆயின் இதன் கருத்துத் தேடுநெறிகள் வீண் என்பதன்று. எம் முன் இருப்பது எல்லாக் கணக்குக்களும் அல்ல. ஒரு குறிப்பிட்ட மலையின் ஒரு குறிப்பிட்ட கணக்கு. அந்த மலையைப் பற்றிய அறிவை நெறிக்குள் ஊட்டியவனே மற்றவனை வெல்லுவான். எந்த வளைவில் தென்மேற்குப் பருவத்தில் மண் சரியும், எந்த மலையிற் கொழுந்து முந்தி முற்றும், எந்தப் பாலத்தில் பாரமேற்றிய லொறி செல்லலாகாது என்பனவற்றைக் கங்காணிமாரும், சாரதிமாரும், முப்பது ஆண்டு கொழுந்தெடுத்த பெண்களும் அறிவர். அவர்களைக் கேளாமற் கொழும்பிலிருந்து எழுதியனுப்பப்படும் நெறி எவ்வளவு நாகரிகமான பெயருடையதாயினும் பனிமூட்டத்தில் மேட்டில் நிற்பதே.

இரண்டாவது குறை இதனிற் பெரிது; அதன் பொருட்டே இக்கட்டுரையை எழுத எண்ணினேன். தேடுநெறி உயர்ந்த இடத்தைத் தேடுகின்றது. உயரம் எது என்பதை அதற்குச் சொல்பவர் யார்? நெறிக்குக் கொடுக்கப்படும் அளவையை ‘நோக்கச் சார்பு’ என்பர். அந்த ஒரு வரியில் எழுதப்படாதது எதனையும் கணனி பொருட்படுத்தாது.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். லொறியின் எரிபொருளைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் நெறிக்குச் சொல்லப்படுகின்றது. அது மலையின் மேலுள்ள ஒரு மடுவத்தை நீக்கி, கொழுந்தைக் கீழ் மடுவத்திலேயே நிறுக்கச் சொல்லுகின்றது. லொறிக்கு நாளொன்றுக்கு 3 கிலோமீற்றர் மிச்சம். நல்லதே. அந்த மலையில் 60 பெண்கள் கொழுந்தெடுக்கின்றனர். கீழ் மடுவம் 600 மீற்றர் அப்பால். நாளுக்கு இருமுறை நிறுவை என்று கொள்க. அறுபதை அறுநூறாலும் இரண்டாலும் பெருக்கினால் 72,000 மீற்றர். லொறியின் 3 கிலோமீற்றரை மிச்சப்படுத்தப் பெண்கள் சுமையோடு 72 கிலோமீற்றர் நடக்கின்றனர். மீள வெறுஞ்சாக்கோடு இன்னுமொரு 72. இரத்த அட்டையும் வழுக்குப் பாறையும் கணக்கிற் சேரவில்லை. நடையில் கழிந்த நேரத்திற் பறிக்காத கொழுந்தும், அதனால் அவர்களது நாட்கணக்கில் விழும் குறையும் சேரவில்லை. கணனி பொய் சொல்லவில்லை. அதனைக் கேட்டவர் கேளாமல் விட்டதையே அது சொல்லாமல் விட்டது.

இதற்குக் கணிதத்திலேயே மருந்துண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் கல்யாண்மோய் டெப் என்பார் தம் மாணவரான பிரதாப், அகர்வால், மெய்யறிவன் ஆகியோருடன் 2002இல் வெளியிட்ட நெறி, ஒன்றுக்கு மேற்பட்ட நோக்கங்களை ஒருங்கே கொண்டு தேடுகின்றது. உலகில் மிகுதியும் எடுத்தாளப்பட்ட நெறிகளுள் அஃதொன்று. அதன் சிறப்பு யாதெனின், அது ஒரே விடையைத் தருவதில்லை. எரிபொருள் குறைந்து நடை கூடிய திட்டம், நடை குறைந்து எரிபொருள் கூடிய திட்டம், இவற்றுக்கு இடைப்பட்டவை என்று ஒரு வரிசையைத் தருகின்றது. வரிசையிலுள்ள எதனையும் ஒருபுறம் திருத்தினால் மறுபுறம் கெடும். இரு புறமும் வீணான திட்டங்களை மட்டும் அது தள்ளிவிடுகின்றது. எஞ்சியவற்றுள் எதனைக் கொள்வது என்பது கணிதத்தின் வேலையன்று, மனிதரின் வேலை.

பலர் இவ்வரிசையை விரும்புவதில்லை. “ஒரு கிலோமீற்றர் நடைக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை வைத்து இரண்டையும் கூட்டிவிடுங்கள், ஒரே எண் வரும்” என்பர். அவ்விலையை வைப்பவர் எவர்? பெரும்பாலும் நெறியை எழுதும் இளைஞர், அவர் மலையேறியிரார். அவர் ஓர் இரவில் தட்டெழுதிய எண்ணொன்று அறுபது பெண்களின் நடையை ஆண்டுக்கணக்கில் ஆளும்; அது எங்கேயோ ஒரு கோப்பினுள் இருப்பதால் எவரும் அதனைக் கண்டு கேள்வி கேட்கவும் இயலாது. நான் கூட்டலை எதிர்க்கின்றேனல்லேன். மறைந்த கூட்டலை எதிர்க்கின்றேன். வரிசை முழுவதையும் ஒரு தாளில் எழுதி, தோட்ட நிர்வாகத்தாரும் தொழிற்சங்கத்தாரும் அந்த மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்களும் இருக்கும் மேசையில் வைக்க வேண்டும் என்பதே என் கட்சி.

நிர்வாகத்தார் பக்கமும் ஒரு நியாயமுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது முதல், தேயிலையின் விலை ஏறுவதும் இறங்குவதும் அவர்கள் கணக்கைத் தாக்குகின்றன. ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகின்றது. ஏற்றுவதற்கான செலவு அந்த நான்கரைக்கும் விழுகின்றது. நட்டத்தில் நடக்கும் தோட்டம் கைவிடப்பட்டாற் பெண்களுக்கு நடையும் இல்லை, வேலையும் இல்லை. மெய்தான். ஆகவேதான் எரிபொருளை நோக்கத்திலிருந்து நீக்குமாறு நான் கேட்கவில்லை. அதனருகில் இன்னொரு நிரலைச் சேர்க்கவே கேட்கின்றேன். அந்த நிரலைச் சேர்த்தபின்னும் மேல் மடுவத்தை மூடுவதே தக்கதென்று அனைவரும் கண்டால் மூடட்டும். எத்துணை நடைக்கு ஈடாக எத்துணை எரிபொருள் மிஞ்சியது என்பது அனைவர்க்கும் தெரிந்து மூடப்படட்டும். அப்போது அந்த நடைக்குரிய நேரத்தை நாட்கணக்கிற் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்பதற்கும் ஒரு பிடி கிடைக்கும்.

இனி எம் கல்லூரிக்கு. உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்வோர் இந்நெறிகளைப் பல்கலைக்கழகம் சென்றபின் ஒரு பொதியாக வாங்கிப் பொத்தானை அழுத்துவதிலும், இப்போதே தாளிலும் பென்சிலாலும் செய்து பார்த்தல் நன்று. எட்டு இடங்களும் ஒரு பகடைக் காயும் இருந்தால் ஆறவிடு நெறியை ஒரு மாலைப்பொழுதிற் செய்துவிடலாம். கணிதச் சங்கத்தார் அடுத்த ஆண்டு நேரசூசியை உப அதிபரிடமிருந்து கடனாக வாங்கித் தடைப்பட்டியல் முறையில் திருத்திப் பார்க்கலாம். அவர் மறுக்கமாட்டார் என்று நம்புகின்றேன். எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு எடை என்பதை முதலில் ஆசிரியர் அறையிற் கேட்டெழுத வேண்டும். பஸ்ஸில் வருபவரின் முதற்பாடத்துக்கும் ஆய்வுகூட மோதலுக்கும் ஒரே எடையா என்ற கேள்வி எழுந்தவுடனேயே மாணவர் இத்துறையின் நடுவிடத்துக்கு வந்துவிடுவர்.

விழா நிதியிற் கிண்ணங்களுக்கும் கேடயங்களுக்கும் இடமிருக்கின்றது. அதனோடு ஒரு சிறு தொகையை, தோட்டமொன்றின் மெய்யான கணக்கை எடுத்துச் செய்யும் மாணவர் குழுவுக்குப் பரிசாக வைக்குமாறு சங்கத்தின் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கின்றேன். கொழும்பிற் கணனித் தொழில் புரியும் பழைய மாணவருள் இருவர் இரண்டு சனிக்கிழமைகள் வந்தாற் போதும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படம் ஒன்று வாங்கி, மடுவங்களையும் லொறிப் பாதையையும் நடைபாதைகளையும் மூன்று நிறத்திற் குறிக்கலாம். படத்தில் இல்லாதன பல இருக்கும்: மழையில் மூடும் பாதை, உடைந்த படிக்கட்டு, பிள்ளைக் காம்பராவுக்குத் தாய்மார் பால் கொடுக்கச் செல்லும் குறுக்குவழி. அவற்றைக் கேட்டெழுத வெளியாரைத் தேட வேண்டியதில்லை. எம் மாணவருட் பலருடைய தாய்மார் அம்மலைகளில் நாள்தோறும் நடப்பவர்கள். மாலையில் வீட்டிற் கேட்டால் ஒவ்வொன்றாய்ச் சொல்லுவார்கள்.